டெக்சாஸ் கிராமப்புறக் கவுண்டியில் போலீஸ் பதிவுகள்: போனை வைத்துவிட்டு மெயில் எழுதுங்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். ஐந்து வாரங்களுக்கு முன்னால், மேற்கு டெக்சாஸில் சில ஆயிரம் பேர் மட்டுமே வசிக்கும் ஒரு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி), இரவு பதினோரு மணி வாக்கில் நெடுஞ்சாலையில் உங்கள் தம்பியின் கார்மீது ஒரு பிக்கப் ட்ரக் மோதிவிட்டது. தம்பி பிழைத்துக்கொண்டார், ஆனால் நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. அந்தக் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபின் ஆபீஸுக்கு மூன்று முறை போன் செய்தீர்கள். ஒருமுறை "விசாரணை நடக்கிறது, தர முடியாது" என்றார்கள். இன்னொருமுறை "எங்களிடம் அப்படி எதுவும் இல்லை" என்றார்கள். எஃப்.ஓ.ஐ.ஏ. என்ற தகவல் உரிமைச் சட்டத்தின்படி மனு போடலாமா, எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் இதையெல்லாம் கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்கலாம். தாராளமாகக் கேட்கலாம். ஆனால் இதுவரை நீங்கள் "கேட்டதாக" சட்டத்தின் கணக்கில் இல்லை. போனில் கேட்டால் அது பேச்சு, அவ்வளவுதான். எழுத்தில் கேட்டால்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் மாதக்கணக்கில் அலைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

எஃப்.ஓ.ஐ.ஏ. என்பது 1966-இல் வந்த மத்திய அரசுச் சட்டம். எஃப்.பி.ஐ., குடியேற்றத் துறை மாதிரியான மத்திய அலுவலகங்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும். ஷெரிஃபிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், ஒரு நல்ல ஊழியர் நீங்கள் கேட்பது என்னவென்று புரிந்துகொண்டு கொடுத்துவிடுவார். எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. டெக்சாஸில் அதன் பெயர் பொதுத் தகவல் சட்டம், அரசுச் சட்டத்தொகுப்பின் 552-ஆம் அத்தியாயம். ஷார்ப்ஸ்டவுன் பங்கு ஊழலில் மாநிலத்தின் பெரிய தலைகளெல்லாம் சிக்கிக் கொந்தளிப்பு எழுந்த பிறகு, 1973-இல் கொண்டு வந்தார்கள். அதன் முதல் பிரிவு சொல்வது இது: மக்கள் தங்கள் அதிகாரத்தை ஒப்படைத்திருக்கலாம், ஆனால் தாங்கள் எதைத் தெரிந்துகொள்ளலாம், எதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று முடிவு செய்யும் உரிமையை ஊழியர்களுக்குக் கொடுத்துவிடவில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு நிமிரும் வரி அது.

நம்மூர் ஆர்.டி.ஐ. தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். அங்கே 10 ரூபாய் கட்டணம், 30 நாள், குடிமக்கள் மட்டும். இங்கே மனுவுக்குக் கட்டணமே இல்லை, 10 வேலை நாள், குடியுரிமைக் கேள்வியே கிடையாது. எதற்காகக் கேட்கிறாய் என்று விசாரிக்கக் கூடாது என்பது இரண்டு சட்டத்திலும் இருக்கிறது. எது வேண்டும் என்று தெளிவுபடுத்தச் சொல்லலாம், அடையாள அட்டை கேட்கலாம். காரணம் கேட்கக் கூடாது. நீங்களாகவும் நீண்ட கதை எழுத வேண்டாம். "என் தம்பி படும் பாடு" என்று இரண்டு பக்கம் எழுதினால், படிப்பவருக்கு எந்தப் பதிவைத் தேடுவது என்று தெரியாமல் போய்விடும்.

அடுத்து, யாரிடம் கேட்பது? கிராமப்புறக் கவுண்டியில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். டெக்சாஸில் 254 கவுண்டிகள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லவிங் கவுண்டியில் இருந்தவர்கள் மொத்தம் 64 பேர். அவ்வளவு சின்ன இடத்திலும் காக்கிச் சட்டை, துப்பாக்கி, வண்டி என்று ஒரே மாதிரித் தோன்றும் ஆட்கள் நாலைந்து வெவ்வேறு அலுவலகங்களைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். ஊர் எல்லைக்குள் என்றால் சிட்டி போலீஸ். கவுண்டி சாலை, பண்ணை, வீடு என்றால் பெரும்பாலும் டெபுடி, அதாவது ஷெரிஃபின் கீழ் வேலை செய்யும் காவலர். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை விபத்து என்றால் அநேகமாக மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் ஹைவே பேட்ரோல், அதாவது டி.பி.எஸ். ட்ரூப்பர். இதுபோக கான்ஸ்டபிள் என்று ஒருவர். நம்மூரில் கான்ஸ்டபிள் என்றால் ஸ்டேஷனில் கடைசிப் படியில் இருப்பவர். டெக்சாஸில் அவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி, அவருக்குத் தனி அலுவலகம், தனிப் பதிவுகள். பெயரைக் கேட்டு லேசாக நினைத்துவிடாதீர்கள்.

ஆக, "எங்களிடம் எதுவும் இல்லை" என்று ஷெரிஃப் ஆபீஸில் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. விபத்தை எழுதியது ட்ரூப்பராக இருந்தால் விபத்து அறிக்கை அவர்களிடம் இருக்காது. ஆனால் 911 என்ற அவசர எண்ணுக்குப் போன அழைப்பு, அநேகமாக ஷெரிஃப் ஆபீஸில் அழைப்பை வாங்கி ஆள் அனுப்பும் டிஸ்பேட்ச் மேசைக்குத்தான் வந்திருக்கும். எப்போது அழைப்பு வந்தது, யார் எப்போது போனார்கள் என்று குறித்துவைக்கும் "கால் ஷீட்" (அழைப்புப் பதிவு) அவர்களிடம் இருக்கும். அது வேண்டும் என்று நீங்கள் பெயர் சொல்லிக் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்ட ஒவ்வொரு கவுண்டி அதிகாரியும் தன் அலுவலகப் பதிவுகளுக்குத் தானே பொறுப்பாளர் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அதனால் கவுண்டி ஜட்ஜுக்கோ கவுண்டி கிளார்க்குக்கோ அனுப்பிவிட்டு, ஷெரிஃபிடம் போய்ச் சேரும் என்று காத்திருக்காதீர்கள். தகவல் கோரிக்கைக்கென்று தனி மின்னஞ்சல், தபால் முகவரி அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அறிவித்திருந்தால் அங்கே வந்த, அல்லது நேரில் கொடுத்த கோரிக்கைக்குத்தான் அவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அந்தக் கால் ஷீட்டின் அருமை எனக்குத் தெரிந்தது ஒரு துயரமான நாளில். சில வருடங்களுக்கு முன்னால், எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் மகன், இங்கே படித்துக்கொண்டிருந்த பையன், இரவில் தனியாகக் கார் ஓட்டிப் போகும்போது வண்டி கவிழ்ந்து இறந்துபோனான். திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் அவன் பெற்றோர் என்னிடம் கேட்டது நஷ்டஈடும் இல்லை, வழக்கும் இல்லை. "எவ்வளவு நேரம் அவன் தனியாகக் கிடந்தான், அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்கள். சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் போனில் இரண்டு முறை பதிவு எதுவும் இல்லை என்றார்கள். நான் ஒரு பக்கக் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி நேரில் போனேன். கோர்ட் ஹவுஸுக்குப் பின்னால் தாழ்வான ஒரு செங்கல் கட்டடம். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு பெண்மணி, கழுத்தில் ஹெட்செட். டிஸ்பேட்ச், பதிவுகள், சிறைக்கு வரும் பார்வையாளர்கள் எல்லாம் அவர்தான். கடிதத்தில் "அன்றிரவு 10 மணி முதல் 2 மணி வரை, இந்தச் சாலையில், இந்த மைல்கல் அருகே வந்த அழைப்பின் டிஸ்பேட்ச் பதிவு" என்று எழுதியிருந்தேன். படித்தவர், "ஓ, கால் ஷீட்டா?" என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே அச்சடித்துக் கொடுத்தார். ஒரு பக்கம். 10 சென்ட்.

அதில் நிமிடக் கணக்கு இருந்தது. 11:42 அழைப்பு. 11:44 டெபுடிக்குத் தகவல். 12:09 டெபுடி அந்த இடத்தில். நடுவில் ஒரு வரி: அழைத்தவர் ஒரு ட்ரக் டிரைவர், பையனின் பக்கத்திலேயே இருக்கிறார், கிளம்ப மாட்டேன் என்கிறார். அந்த வரியைத் தமிழில் படித்துக் காட்டியபோது போனின் அந்தப் பக்கம் அவன் அம்மா அழுதது இன்னும் காதில் இருக்கிறது. மகன் தனியாகக் கிடக்கவில்லை என்பது அந்த 10 சென்ட் காகிதத்தில்தான் இருந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரே கோரிக்கையில் எல்லாவற்றையும் அடைக்க மாட்டேன். "என் தம்பி தொடர்பான எல்லாப் பதிவுகளும்" என்று கேட்டால் விவரம் கேட்டுத் திருப்பி எழுதுவார்கள். அதற்கு 61 நாளுக்குள் நீங்கள் பதில் சொல்லாவிட்டால் கோரிக்கையைத் திரும்பப் பெற்றதாகக் கணக்கு. தனித்தனியாகக் கேளுங்கள்.

விபத்து அறிக்கைக்கு சி.ஆர்.-3 என்று பெயர். விபத்து நடந்த 10 நாளுக்குள் அதிகாரி அதை மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி, ஆகவே உங்கள் விஷயத்தில் இப்போது தயாராக இருக்க வேண்டும். டெக்சாஸ் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் 6 டாலர் கட்டி வாங்கலாம், சான்றளித்த நகல் 8 டாலர். இதற்கு ஷெரிஃபிடம் போகவே வேண்டாம். ஒரு சிக்கல் மட்டும்: முழு அறிக்கை சம்பந்தப்பட்டவர்களுக்குத்தான் கிடைக்கும். ஓட்டுநர், வண்டியின் சொந்தக்காரர், காப்பீட்டு நிறுவனம், அவர்களின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி என்று அந்தப் பட்டியல் போகிறது. அண்ணன் என்ற உறவு மட்டும் போதாது. தம்பியிடம் ஒரு அங்கீகாரக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது அவர் பெயரிலேயே வாங்குங்கள். மற்றவர்களுக்குப் பெயர், முகவரி போன்றவற்றை மறைத்த பிரதிதான் வரும்.

அது கைக்கு வந்ததும் மிரண்டுவிடாதீர்கள். முதல் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக எண்களும் எழுத்துகளும்தான். அதற்கென்று ஒரு குறியீட்டுத் தாள் இருக்கிறது, அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். காயத்தின் கட்டத்தில் கே என்றால் மரணம், ஏ என்றால் கடுமையான காயம், பி லேசான காயம், சி காயம் இருக்கலாம், என் காயமில்லை. அடுத்த பக்கத்தில் அதிகாரி எழுதும் விவரணையும் ஒரு படமும் இருக்கும். விபத்துக்குக் காரணமான அம்சங்கள் என்ற கட்டத்தில் எந்த வண்டிக்கு நேராக எண் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இரண்டாவது, ஷெரிஃப் ஆபீஸுக்கு: அந்தத் தேதி, அந்த நேரம், அந்த இடத்துக்கான கால் ஷீட், 911 ஒலிப்பதிவு, டெபுடி யாராவது போயிருந்தால் அவர் எழுதிய அறிக்கை. அழைத்தவரின் எண்ணை மறைத்துத் தரலாம், பரவாயில்லை. ஆம்புலன்ஸின் மருத்துவப் பதிவு இதில் சேராது. அது ரகசியம், தம்பியே கையெழுத்துப் போட்டுத் தனியாகக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, பாடி கேமரா, அதாவது காவலர் உடம்பில் மாட்டியிருக்கும் கேமராவின் பதிவு. இதற்குக் கோரிக்கையில் மூன்று விஷயம் இருந்தே ஆக வேண்டும்: தேதியும் தோராயமான நேரமும், குறிப்பான இடம், பதிவில் இருக்கும் ஒருவரின் பெயராவது. தம்பி பெயர் போதும். இதில் ஒன்று விடுபட்டாலும் கோரிக்கை செல்லாது என்று சொல்ல அவர்களுக்கு இடமுண்டு. கட்டணமும் வேறு: ஒரு பதிவுக்கு 10 டாலர், அதோடு நிமிடத்துக்கு 1 டாலர். ட்ரூப்பர் வந்திருந்தால் இந்தக் கோரிக்கை டி.பி.எஸ்.ஸுக்குப் போக வேண்டும், அவரது வண்டியின் கேமராவையும் சேர்த்துக் கேளுங்கள்.

இதில் அவசரமும் இருக்கிறது. பாடி கேமரா பதிவைக் குறைந்தது 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. உங்களுக்கு 35 நாள் போய்விட்டது. கோரிக்கை வந்துவிட்ட பதிவை, அது முடியும்வரை அழிக்கக் கூடாது. அதனால் கடிதத்தின் கடைசியில் "இந்தப் பதிவுகளைப் பாதுகாத்து வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கட்டணத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். சாதாரணப் பக்கம் 10 சென்ட். 50 பக்கம் வரை பொதுவாக உழைப்புக் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் மணிக்கு 15 டாலர். செலவு 40 டாலரைத் தாண்டும் என்றால் முன்கூட்டியே விவரமாக மதிப்பீடு அனுப்ப வேண்டும். அப்படி ஒன்று வந்தால் 10 வேலை நாளுக்குள் பதில் எழுதுங்கள், இல்லாவிட்டால் கோரிக்கை செத்துவிடும். முன்பணம் 100 டாலரைத் தாண்டினால்தான் கேட்கலாம். முழுநேர ஊழியர்கள் 15-க்கு மேல் இல்லாத இடத்தில் 50 டாலரைத் தாண்டினாலே கேட்கலாம், சின்னக் கவுண்டிகளில் இது நடக்கும்.

இப்போது அந்த "விசாரணை நடக்கிறது" என்ற பதில். இது சும்மா சொல்லும் சாக்கு இல்லை, 552.108 என்ற பிரிவு விசாரணைக்கு இடைஞ்சலாகும் தகவலை நிறுத்திவைக்க அனுமதிக்கிறது. ஆனால் அந்த முடிவை ஷெரிஃபே தனியாக எடுத்துவிட முடியாது, டெக்சாஸ் சட்டத்தின் உயிர்நாடி இதுதான் என்பேன். தர விருப்பமில்லை என்றால் 10 வேலை நாளுக்குள் அவர் மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலுக்கு எழுதி அனுமதி கேட்க வேண்டும், பாடி கேமராவுக்கு மட்டும் 20 வேலை நாள். அப்படி எழுதியதை உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அட்டர்னி ஜெனரல் 45 வேலை நாளுக்குள் தீர்மானிப்பார். கெடுவைத் தவறவிட்டால், வலுவான காரணம் ஒன்று இல்லாத வரை, அந்தத் தகவல் பொதுத் தகவல் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இடையில் நீங்களும் அட்டர்னி ஜெனரலுக்கு உங்கள் தரப்பை எழுதலாம். இது பலருக்குத் தெரிவதில்லை, தெரிந்தவர்களும் செய்வதில்லை. ஒரு பக்கம் எழுதினாலும் எழுதுங்கள்.

விசாரணை நடந்தாலும் மறைக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. சட்டம் அதை அடிப்படைத் தகவல் என்கிறது. ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை ஹூஸ்டன் நகரத்தின் மீது போட்ட வழக்கில் 1975-இல் வந்த தீர்ப்பு அதற்கு உருவம் கொடுத்தது: என்ன குற்றம், எங்கே, எப்போது, சம்பந்தப்பட்ட வாகனங்கள், சம்பவத்தின் விரிவான விவரம், விசாரிக்கும் அதிகாரியின் பெயர், கைது நடந்திருந்தால் கைதானவரின் விவரம். பிக்கப் ஓட்டியவர் மீது போதையில் ஓட்டியதாக வழக்குப் போட்டிருந்தால், இதைக் கேட்டாலே தெரிந்துவிடும். வழக்கு கோர்ட்டுக்குப் போய்விட்டால் ஆவணங்கள் கிளார்க்கிடம் இருக்கும்; நீதிமன்றங்களுக்கு 552 பொருந்தாது, அங்கே தனியாகக் கேட்க வேண்டும்.

552.108-இல் எனக்கு மனது ஒப்பாத பகுதி ஒன்று இருக்கிறது. தண்டனையில் முடியாத வழக்கின் பதிவுகளையும் மறைத்துவைக்கலாம் என்கிறது அது. நிரபராதியைக் காக்க வந்த விதி. ஆனால் சந்தேக நபர் இறந்துவிட்டால் தண்டனை என்பதே வராதே? அப்போது எல்லாவற்றையும் என்றென்றைக்கும் மூடிவைக்கலாம் என்றாகிறது. 2022 மே 24 அன்று உவால்டி நகரின் ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டபோது அந்தப் பயம்தான் எழுந்தது. உவால்டியும் ஏறத்தாழ 25,000 பேர் வாழும் கிராமப்புறக் கவுண்டிதான். 376 காவல் அதிகாரிகள் வந்தும், துப்பாக்கிக்காரனை எதிர்கொள்ள 77 நிமிடம் ஆனது. அந்த நிமிடங்களில் என்ன நடந்தது என்பதற்கான பதிவுகளைக் கேட்டுச் செய்தி நிறுவனங்கள் வழக்குப் போட வேண்டியிருந்தது. நகர நிர்வாகம் 2024 ஆகஸ்டில் கொடுத்தது. கவுண்டியும் பள்ளி மாவட்டமும் கொடுத்தது 2025 ஆகஸ்டில். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களை மூன்று வருடம் காக்கவைத்ததை என்னால் எந்தச் சட்ட நியாயத்தாலும் ஏற்க முடியவில்லை.

உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகாது என்றுதான் நினைக்கிறேன். பத்து வேலை நாளில் பதிவும் வரவில்லை, அட்டர்னி ஜெனரலுக்கு எழுதிய கடிதத்தின் நகலும் வரவில்லை என்றால், முதலில் கோரிக்கையின் தேதியைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு நினைவூட்டல். பெரும்பாலும் அதிலேயே அசைந்துவிடும். சின்ன ஆபீஸில் பதில் வராததற்குக் காரணம் பகைமையைவிட ஆள் பற்றாக்குறையாகத்தான் இருக்கும். அதற்கும் அசையாவிட்டால் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் ஓப்பன் கவர்ன்மென்ட் ஹாட்லைனில் பேசுங்கள். மாவட்ட அல்லது கவுண்டி அட்டர்னியிடம் புகார் கொடுக்கலாம். கடைசியாக, கொடுக்கச் சொல்லி ஆணையிடக் கேட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம்.

வேறு மாநிலத்தில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கெடுவும் விதியும் மாறும். ஜார்ஜியாவில் 3 வேலை நாள், இல்லினாயிலும் வாஷிங்டனிலும் 5. வர்ஜீனியா, டென்னசி போன்ற இடங்களில் தங்கள் மாநிலத்தவருக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அது செல்லும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் விபத்து என்றால், அந்த மாநிலத்தில் வசிக்கும் ஒரு நண்பரின் பெயரில் கேளுங்கள்.

இன்று மாலையே இரண்டு மெயில் போய்விடட்டும், ஒன்று ஷெரிஃபுக்கு, ஒன்று டி.பி.எஸ்.ஸுக்கு. தலைப்பில் பொதுத் தகவல் கோரிக்கை என்று ஆங்கிலத்தில் தெளிவாகப் போடுங்கள். தம்பியின் கையெழுத்தை நாளைக்கு மருத்துவமனையில் வாங்கிக்கொள்ளலாம், அதற்காக மெயிலை நிறுத்திவைக்க வேண்டாம். அட்டர்னி ஜெனரலுக்கு அவர்கள் எழுதிய கடிதம் உங்களுக்கு வந்தால், பெயர்களை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். பதில் கடிதத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.